பாண்டியன் வீசிய பிரம்பு

மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில், ஆரப்பாளையத்தில் இருக்கிறது புட்டுத்தோப்பு. ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் அங்கேதான் மண் சுமக்க எழுந்தருள்கிறார். திருவிளையாடல் கதையில், பிட்டு விற்ற வந்திக் கிழவிக்காகக் கூலியாளாய் வந்த அந்தச் சிவன், உடைந்த வைகைக் கரையை அடைக்கவில்லை. பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், தூங்கினார். இன்றைய வகுப்பறையில் என்றால் 'அடங்காத பயல்' என்று பெயர் எடுத்திருப்பார்! பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகிலும் விழுந்தது.

ஒழுங்குக்காக அடிக்கிறவன் அந்த அடிக்கு வெளியே நிற்க முடியுமா?

மாணவர்கள் மேலும் அந்த அடி விழுந்தது. 1965 ஜனவரி 25 அன்று அதே மதுரையில் இந்தித் திணிப்புக்கு எதிரான மாணவர் ஊர்வலத்தில் மூண்ட மோதல் தமிழகமெங்கும் பரவியது. இரண்டே நாளில், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்.

பிள்ளைகளை அடிப்பதற்கு எதிரான சட்டம் நிதானமாகத்தான் வந்தது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்தது. சிறாருக்கு விலங்கு பூட்டக் கூடாது, பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-ன் இளைஞர் நீதி விதிகள் காவலர்களுக்குச் சொல்கின்றன. பாண்டியனுக்கோ முதுகு வலித்த பிறகுதான் கூலியாள் யாரென்ற சந்தேகமே வந்தது.