இரண்டு நிறைகல் வேண்டாம்!



நீதிமொழிகள் 20-ம் அதிகாரம் 10-ம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். வியாபாரி தன் பையில் இரண்டு விதமான நிறைகல் வைத்திருப்பதைத் தேவன் எப்படிப் பார்க்கிறார் என்பது அங்கே எழுதியிருக்கிறது. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது வேறொரு கல்! "பிரதர், இப்போ எல்லாக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசு வந்தாச்சே, இந்த வசனம் யாருக்கு?" என்று கேட்கிறீர்களா? தராசே இல்லாத ஒரு வியாபாரத்தை இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அங்கே நிறைகல் மனுஷனுடைய கண்ணில் இருக்கிறது.

அமெரிக்காவில் பழைய கண்ணாடிக் கோலிக்குண்டுகளைச் சேர்க்கிறவர்கள் அநேகர் உண்டு. இன்டர்நெட் ஏலத்தில் அவற்றை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்த விற்பனை விவரங்களை நான் கவனித்து வாசித்ததுண்டு. "போயும் போயும் கோலிக்குண்டா!" என்று சிரிக்காதீங்க. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா ஊர்க் கைவினைஞர்கள், உருகிய கண்ணாடித் தண்டிலிருந்து ஒவ்வொரு குண்டாகக் கத்தரித்து உருட்டினார்கள். உள்ளே நூல் நூலாய் வண்ணங்கள் சுற்றிவரும். 1905-ல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரான் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன் குண்டு செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்பு முதல் உலகப்போர் வந்து ஜெர்மன் இறக்குமதியை நிறுத்திற்று. கையால் செய்கிற அந்தத் தொழிலும் மங்கிப்போயிற்று. ஆகவே பழைய குண்டு கீறல்படாமல் கிடைப்பது அரிது. அரிதானதற்கு விலையும் அதிகம்.

விலையை அளக்க அவர்கள் 10 மதிப்பெண் அளவு ஒன்றை வைத்திருக்கிறார்கள். 9 முதல் 10 வரை "மின்ட்". செய்தபோது இருந்தபடியே மேற்பரப்பு சேதமில்லாமல் இருக்கவேண்டும். 8 முதல் 8.9 வரை "நியர் மின்ட்". ஊசிமுனை அளவான சில அடிகள் இருக்கலாம். 7 முதல் 7.9 வரை "குட்". விளையாடிய குண்டு என்று பார்த்தவுடனே தெரியும், ஆனாலும் உள்ளே இருக்கும் வண்ணம் தெளிவாய்த் தெரியும். அதற்கும் கீழே "கலெக்டிபிள்". நல்லது ஒன்று கிடைக்கும்வரை இடத்தை நிரப்பி வைக்க மாத்திரம் அது உதவும். மின்டிலிருந்து ஒரு படி இறங்கினாலே விலை வெகுவாய் இறங்கிவிடும்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். ஒரு வயதான அம்மா பரணில் கிடந்த டப்பாவை ஒரு வியாபாரியிடம் கொண்டுபோகிறார்கள். அவர் ஒரு குண்டை எடுத்து, "இதுல பாருங்கம்மா, எத்தனை அடி! 7.5-க்கு மேல தர முடியாது" என்கிறார். அடுத்த வாரம் அதே குண்டு, அதே விளக்கு, அதே கண். ஏலத்தில் போடும்போது 9.1! குண்டு மாறிற்றா? இல்லை. நிறைகல் மாறிற்று. வாங்குகிறவரோ தூரத்தில் இருக்கிறார். தொட்டுப் பார்க்க முடியாது. விற்கிறவருடைய வார்த்தை ஒன்றுதான் அவருக்குத் தராசு.

ஆகவே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

1. உண்டாக்கின அடையாளம் வேறு, பட்ட காயம் வேறு. தண்டிலிருந்து வெட்டின இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதைப் பான்டில் என்கிறார்கள். அது குறையல்ல, கையால் செய்ததற்குச் சாட்சி! சூட்டில் உண்டான மடிப்பும் காற்றுக்குமிழும் அப்படியே. ஆனால் வேறொரு குண்டு மோதினால் கண்ணாடி பெயராமலே உள்ளே ஒரு சின்னப் பிறை தெரியும். அதையும் "செய்யும்போதே இருந்தது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொய்.

2. மறைக்காதே. எண்ணெய் தடவினால் மேலே உள்ள மங்கலும் மெல்லிய கீறலும் மறைந்துபோகும். ஒளி தெறிக்கிற மாதிரி படம் எடுத்தால் அடிபட்ட இடம் தெரியாது. சிலர் குண்டையே தேய்த்து மெருகேற்றிவிடுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் காயத்தோடுகூட பான்டிலும் தேய்ந்துபோகும், மேல்தோலின் நூல் வண்ணமும் போகலாம். மெருகேற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. மெருகேற்றியதை எழுதாமல் விற்பதுதான் களவு! எழுதிவிட்டால் வாங்குகிறவர் அதற்கேற்ற விலையைத் தானே சொல்லுவார்.

3. வாங்குகிறவரே, உமக்கும் ஒரு வார்த்தை! அதே அதிகாரத்தின் 14-ம் வசனம் உம்மைக் குறித்தது. முகத்துக்கு முன்பாகப் பொருளைக் குறைசொல்லி, வாங்கிக்கொண்டு போனபின் பெருமை பேசுகிறவனை அங்கே பார்க்கிறோம். அறியாத ஒருவர் அரிதான குண்டை அற்ப விலைக்கு நீட்டும்போது, "அம்மா, இது பழைய ஜெர்மன் குண்டு, விசாரித்து விற்றுக்கொள்ளுங்க" என்று சொல்ல உமக்குத் தைரியம் உண்டா?

சரி, உண்மையாய் மதிப்பிடுவது எப்படி? குண்டைக் கழுவி நன்றாய்த் துடைத்து உலரவிடுங்கள். பிரகாசமான விளக்கின்கீழ் மெதுவாய்ச் சுழற்றுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒவ்வொரு பக்கமும் பாருங்கள். விட்டத்தைக் கருவியால் அளந்து எழுதுங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும் விலை மாறலாம். மேல், கீழ், நாலு பக்கம் என்று படம் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மிக மோசமான இடம் எதுவோ அதையே முதல் படமாகப் போடுங்கள்! 8.9-ஆ 9-ஆ என்று சந்தேகம் வந்தால் 8.9 என்றே எழுதுங்கள். எண்ணை எழுதுமுன் ஒரே ஒரு கேள்வி: "இதை நான் வாங்குகிறவனாய் இருந்தால் இதே எண்ணைக் கொடுப்பேனா?"

அருமையான சகோதரனே, சகோதரியே! நீ கோலிக்குண்டு விற்காமல் இருக்கலாம். பழைய பைக் விற்கிறாய், வீடு வாடகைக்கு விடுகிறாய், பெண்ணுக்கு வரன் பேசுகிறாய். எல்லாவற்றிலும் நீ ஒரு எண்ணைச் சொல்லுகிறாய். தூரத்தில் இருக்கிற ஒருவர் அதை நம்பிப் பணம் கொடுக்கிறார். அவர் பார்க்க முடியாத பக்கத்தைத் தேவன் பார்க்கிறார். உன் பையில் ஒரே நிறைகல் இருக்கட்டும். அப்பொழுது உன் சம்பாத்தியம் கொஞ்சமானாலும் நிம்மதியாய் நித்திரை செய்வாய்.

கர்த்தர்தாமே நம் கண்களையும் நாவையும் உண்மையுள்ளதாக்குவாராக! ஆமென்.