மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே

விடியற்காலை நாலரை. ஆடி மாதம். பேரூர்.

மேற்கிலிருந்து காற்று. சன்னல் கதவு ஒருமுறை அடித்துக்கொள்கிறது. பிறகு அமைதி.

*

பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. உளுந்து ஆட்டுகிறார்கள். கல் சுற்றும் ஓசை சுவருக்குள் இறங்கி, என் முதுகுக்கு வருகிறது.

மாவு இறுகும்போது ஓசை சற்றே தாழ்கிறது. யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள். ஓசை ஏறுகிறது.

*

ஹெட்போனை மாட்டுகிறேன். பாட்டு எதுவும் போடவில்லை.

காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கிறது. அதற்கும் ஒரு நடை இருக்கிறது.

*

1975, ஜூலை 5. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட். சவுத்ஹாம்ப்டன் கல்லூரி மேடை.

ஐந்து பேர். ஜான் மெக்லாக்லின், கிட்டார். எல். சங்கர், வயலின். ஜாகிர் உசேன், தபேலா. ராம்நாட் ராகவன், மிருதங்கம். டி.எச். விநாயக்ராம், கடம்.

குழுவின் பெயர் சக்தி.

அன்று வாசித்ததே முதல் இசைத்தட்டாகிறது. அதில் மூன்றே உருப்படிகள்.

*

முதல் உருப்படியின் பெயர் ஜாய். பதினெட்டு நிமிடம். மெக்லாக்லினும் சங்கரும் சேர்ந்து அமைத்தது.

கிட்டாரும் வயலினும் ஒரே வரியில் ஓடுகின்றன. எது சுண்டுவது, எது இழுப்பது என்று பிரிக்கப் பார்க்கிறேன். சில இடங்களில் முடிகிறது. சில இடங்களில் இரண்டுக்கும் ஒரே உடல்.

மார்பு இறுகுகிறது. கவனிக்கிறேன். தானாகத் தளர்கிறது.

*

நிறுத்துகிறேன்.

கிரைண்டர்.

*

1942. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், டான்காஸ்டர் ஊரில் ஒரு குழந்தை பிறக்கிறது. தாய் வயலின் வாசிப்பவர். குழந்தை வளர்ந்து, பதினொரு வயதில் கிட்டாரைத் தொடுகிறது.

1950. சென்னையில் ஒரு குழந்தை. தந்தை வி. லட்சுமிநாராயணா, வயலின் வித்வான். யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருக்கிறார். குழந்தை அங்கே வளர்கிறது.

இரண்டு வீட்டிலும் வயலின்.

*

1958. இலங்கையில் கலவரம். குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வருகிறது.

சங்கருக்கு அப்போது எட்டு வயது.

அவசரமாகக் கிளம்பும் வீட்டில் கைகள் முதலில் எதை எடுக்கும். பாத்திரத்தை. துணியை. வயலின் பெட்டியை.

இதற்குமேல் கற்பனை போகவில்லை. போக வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

*

1969. இருவரும் ஒரே ஆண்டில் அமெரிக்கா போகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாமல்.

ஒருவர் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு. மற்றவர் கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு, இசை ஆராய்ச்சிக்காக.

*

1971. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. ஜாஸும் ராக்கும் ஒன்றாகக் கொதிக்கும் ஒரு குழு. மகாவிஷ்ணு என்பது குரு ஸ்ரீ சின்மய் மெக்லாக்லினுக்கு வைத்த பெயர்.

மெக்லாக்லின் கழுத்தில் இரட்டைக் கழுத்துக் கிட்டார் தொங்குகிறது. ஒரு கழுத்தில் ஆறு கம்பி, மற்றதில் பன்னிரண்டு.

இரண்டு நிமிடம் கேட்கிறேன். கண் தானாக மூடிக்கொள்கிறது. தாடை கெட்டியாகிறது. சத்தம் எலும்பைத் தேடி வருகிறது.

அணைத்த பிறகு அறை பெரிதாக இருக்கிறது.

*

அதே மனிதர் வெஸ்லியனில் டாக்டர் எஸ். ராமநாதன் முன்னால் உட்கார்ந்து வீணை கற்கிறார்.

சங்கரும் அங்கே இருக்கிறார்.

*

வயலின் கர்நாடக இசைக்குள் வந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள். பாலுசாமி தீட்சிதர் காலம். நின்றபடி தோளில் வைத்து வாசித்த வாத்தியம் இங்கே வந்து தரையில் உட்காருகிறது. தலைப்பாகம் கணுக்காலில் சாய்கிறது.

தமிழர் கையில் மேற்கிலிருந்து வந்த வயலின். யார்க்‌ஷயர்க்காரர் மடியில் தஞ்சாவூர் வீணை.

யார் யாரிடம் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

*

வீணையில் 24 மெட்டு. மெழுகில் பதித்தவை. விரல் மரத்தைத் தொடுவதில்லை. கம்பியை மட்டும் தொடுகிறது. பக்கவாட்டில் இழுத்தால், ஒரே மெட்டில் அடுத்தடுத்த ஸ்வரங்கள் எட்டிப் பார்க்கும். கமகம்.

வயலினில் மெட்டே கிடையாது. விரல் வழுக்கும் இடமெல்லாம் ஸ்வரம்.

கிட்டாரில் மெட்டுக்கு அடியிலேயே பலகை. விரல் இறங்கினால் மரம் தடுக்கும்.

*

ஆபிரஹாம் வெக்டர், கிட்டார் செய்பவர். கிப்சன் நிறுவனத்தின் பெயரில், மெக்லாக்லினுக்காக ஒரு கிட்டாரைச் செய்கிறார்.

மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே மரத்தைக் குடைகிறார். ஒவ்வொரு இடைவெளியிலும் சின்னப் பள்ளம். விரல் இப்போது காற்றில் இறங்குகிறது. கம்பி வளைகிறது.

ஒலித்துளையின் குறுக்கே, சாய்வாக, இன்னும் ஏழு கம்பிகள். கூடவே ஒலிக்க.

*

சேர்ந்தது ஏழு கம்பி.

போனது கொஞ்சம் மரத்தூள்.

அந்தத் தூள் பட்டறைத் தரையில் விழுந்திருக்கும். யாரோ பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

*

மெட்டு.

வீணையில் விரல் நிற்கும் இடம். பாட்டுக்கு அதன் உடல். மலையில் ஏறிக் கடக்கும் உயரம். போடி மெட்டு. கம்பம் மெட்டு.

ஒரே சொல்லுக்குள் மூன்று மேடுகள்.

நடுவில் இருக்கும் பள்ளத்துக்கு ஒரு சொல் தேடுகிறேன். நாக்கு நுனிவரை எதுவோ வருகிறது. திரும்பிப் போகிறது.

*

மீண்டும் ஜாய். ஏழாவது நிமிடத்தை ஒட்டி. அல்லது எட்டாவதோ. நேரம் பார்க்கவில்லை.

ஒரு கை ஓய்கிறது. மற்றவர் கேட்கிறார் என்பது கேட்கிறது.

கேட்பதற்கும் ஒரு ஓசை இருக்கிறதா. இருப்பதுபோல் இருக்கிறது.

*

சன்னல் கதவு.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லை.

மலை இல்லாததால் காற்று வருகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் இப்போது, இந்த இருட்டில், சுற்றிக்கொண்டிருக்கும்.

தோளில் சில்லென்று படுகிறது. துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்கிறேன்.

*

கடம். மானாமதுரை மண்ணுக்கு இந்த வேலையில் பேர் உண்டு. பானையைவிடக் கனம். வாய் வயிற்றில் அணைந்திருக்கும். வயிற்றை இறுக்கினால் ஓசை மூடும், தளர்த்தினால் திறக்கும்.

விநாயக்ராம் வாசிக்கிறார். மெக்லாக்லின் பிறந்த அதே 1942-இல் பிறந்தவர்.

மண் மெல்லிய சுவர்தான். ஒலிப்பது உள்ளே இருக்கும் ஒன்றுமில்லாத இடம்.

*

1976. இரண்டாவது தட்டு, ஏ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி. ராகவன் இல்லை. ஐந்து பேர் நால்வராகிறார்கள். மூன்று உருப்படிகள் ஆறாகின்றன.

1977. நேச்சுரல் எலிமெண்ட்ஸ். எட்டு உருப்படிகள்.

முதல் தட்டில் ஒன்று அரைமணி நேரத்தைத் தொடுகிறது. மூன்றாவதில் எல்லாம் பாட்டின் அளவுக்கு வந்துவிடுகின்றன. சொல்ல வேண்டியது சுருங்குகிறதா, தெளிகிறதா.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன். கேள்வி கரைந்துவிடுகிறது.

*

போன வாரம் சோமனூர். தெருவெல்லாம் விசைத்தறி. ஒரு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த நினைவு, இப்போது உடம்பில் வருகிறது.

பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு தறிகள். இரண்டும் ஓரளவு ஒரே வேகம். சரியாக ஒரே வேகம் இல்லை. அடி விலகி விலகி ஓடுகிறது. நெருங்குகிறது. ஒரே ஒரு கணம் இரண்டும் ஒரே தறி. மறுபடி விலகுகிறது.

அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தால் வருவதில்லை. பாக்கு மெல்லும் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து போய்விடுகிறது.

*

1965. காங்கயம் பக்கம் ஓலப்பாளையம். அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், ஒலிநாடாவில் பதிகிறார். பல இரவுகள்.

ஒருவர் முன்பாட்டு. ஒருவர் பின்பாட்டு.

உடுக்கையின் இடுப்பில் கயிறு. விரல் அழுத்தினால் ஓசை மேலே போகும். விட்டால் கீழே வரும். மெட்டு இல்லாத வளைவு. ராத்திரி வயல்வெளியில் அந்த வளைவு வெகுதூரம் போகும்.

கமகம் என்று அங்கே யாரும் பெயர் வைக்கவில்லை.

*

1978. சக்தி முடிகிறது.

1979. எலக்ட்ரிக் ட்ரீம்ஸ் என்ற தட்டு. மெக்லாக்லினின் புதிய குழு. மறுபடி மின்சாரம். அதில் சங்கரின் வயலின் இருக்கிறது.

கொஞ்ச காலத்தில் சங்கர் கையில் ஒரு புது வாத்தியம். கென் பார்க்கர் செய்தது. இரட்டைக் கழுத்து வயலின். பத்துக் கம்பி. டபுள் பேஸின் அடித்தளத்திலிருந்து வயலினின் உச்சிவரை ஒரே மடியில்.

*

இரட்டைக் கழுத்துக் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, ஒருவர் குடைந்த மரத்துக்கு வந்தார்.

மற்றவர் இரட்டைக் கழுத்தை ஏந்திக்கொண்டு, ராக் மேடைகளுக்குப் போகிறார். பீட்டர் கேப்ரியலின் 1989 தட்டான பேஷனில் அந்த வயலின் கேட்கிறது.

கதவு ஒன்றுதான். வருபவரும் போகிறவரும் தோள் உரசுகிறார்கள்.

*

மூச்சு. உள்ளே.

வெளியே.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். அதைப் பார்த்ததும் அது நீள்கிறது. பார்ப்பதாலேயே நீள்கிறது என்று தெரிந்ததும் கலைகிறது.

*

1997. சக்தியை நினை என்ற பொருளில், ரிமெம்பர் சக்தி. மெக்லாக்லின், ஜாகிர், விநாயக்ராம். புல்லாங்குழலோடு ஹரிபிரசாத் சௌராசியா.

பிறகு, வயலின் இருந்த இடத்தில், யு. ஸ்ரீனிவாஸின் மாண்டலின். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ். குரலாகச் சங்கர் மகாதேவன்.

2014. ஸ்ரீனிவாஸ் மறைகிறார்.

2023. சக்தி என்ற பெயரில் மறுபடி ஒரு தட்டு, திஸ் மொமெண்ட். அடுத்த பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது.

அதில் எல். சங்கர் இல்லை.

2024 டிசம்பர் 15. ஜாகிர் உசேன் மறைகிறார்.

*

பெயர்களை எழுதி முடித்த பிறகு பேனாவை மூடுகிறேன்.

திறக்கிறேன்.

*

முதல் தட்டின் நடு உருப்படி. லோட்டஸ் ஃபீட். பாத கமலம். அஞ்சு நிமிடத்துக்கும் குறைவு. 1997-இலும் இதை வாசிக்கிறார்கள்.

அவசரம் இல்லாத வரி. கிட்டார் ஒரு ஸ்வரத்தை வைக்கிறது. வைத்த இடத்திலேயே அது கொஞ்சம் வளைகிறது. பள்ளத்தில் இறங்கிய விரல். காணாமல் போன மரம்.

வயலின் அதைத் தொடவில்லை. பக்கத்தில் நிற்கிறது.

தொண்டை அடைக்கிறது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. அது போகிறது.

*

உருப்படி முடிகிறது. கைதட்டல். அன்றைய மனிதர்கள், அன்றைய கைகள்.

அடுத்தது தொடங்குமுன் நிறுத்திவிடுகிறேன்.

*

கிரைண்டர் எப்போதோ நின்றிருக்கிறது. நின்ற கணம் கேட்கவில்லை.

கல்லை எடுத்து வைக்கும் ஓசை. மாவை வழிக்கும் கை. குண்டான் ஒன்று தரையில் இடிக்கிறது.

*

வெளிச்சம் இன்னும் வரவில்லை. வெள்ளியங்கிரிப் பக்கம் வானம் கருப்பாகவே இருக்கிறது. கிழக்கில் கருப்பு கொஞ்சம் நைந்திருக்கிறது.

நொய்யல் படித்துறைப் பக்கமிருந்து யாரோ பேசிக்கொண்டு போகிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதுங்க என்கிறது ஒரு குரல். பதில் காற்றில் போய்விடுகிறது.

*

ஹெட்போனைக் கழற்றுகிறேன். காது மடல் சூடாக இருக்கிறது. காற்று பட்டு ஆறுகிறது.

*

இன்று சிறுவாணித் தண்ணீர் வரும் நாள்.

வாசலில் குழாய்க்கு அடியில் வெறுங்குடத்தை வைக்கிறேன். கை தவறி விளிம்பில் பட, குடம் ஒருமுறை ஒலிக்கிறது. அந்த ஒலி அடங்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.

குழாயைத் திறக்கிறேன்.

முதலில் காற்று வருகிறது.