காணாத பக்கத்தின் அறம்

மனிதன் தன் தொழிலை எவர் பார்வைக்காகச் செம்மை செய்கின்றான்? பிறர் காணும் பக்கத்தை மெருகிட்டுவிட்டு, காணாத பக்கத்தைக் கைவிடுதல் குற்றமாகுமா? இவ்வினா நூலகங்களில் மட்டும் எழுவதன்று. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியை அகற்றி, வேறொரு தொட்டியைப் பொருத்தும் பட்டறையிலும் அஃது எழுகின்றது.

அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1948-ஆம் ஆண்டு மாதிரியாக 125 சிசி வண்டியொன்றை வெளியிட்டது. அதன் சிறு தொட்டியின் வடிவமே, 1958-இல் 883 சிசி ஆற்றலுடைய ஸ்போர்ட்ஸ்டர் எக்ஸ்எல்சிஎச் வண்டியில் இடம்பெற்றது. 'பீநட்' தொட்டி, அதாவது நிலக்கடலைத் தொட்டி என வழங்கப்படும் அது ஏறத்தாழ 8 லிட்டர் கொள்ளும். வண்டியின் எடை குறைந்தது. ஒருமுறை நிரப்பி ஓடும் தூரமும் குறைந்தது. தம் விருப்பப்படி வண்டி அமைப்போர் பலர், பிற்காலத்தில் அழகின் பொருட்டே அதனை நாடினர். ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்கு ஆகிவருதல் இழிவன்று என்பதற்கு இது சான்று.

எனினும், ஏற்றி வைத்தல் வேறு, பொருத்துதல் வேறு. இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இரு சொற்கள் புணரும்போது சிலவிடத்து இயல்பாகச் சேரும். பிறவிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் நேரும். தொட்டியும் சட்டகமும் சேருமிடத்தும் இவையே நிகழ்கின்றன. சட்டகத்தில் புதிய தாங்கியொன்றைப் பற்றவைப்பது தோன்றல். சட்டகத்தின் முதுகுக் குழாய் அடங்குமாறு தொட்டியின் அடிக்குடைவை அகலமாக்குவது திரிதல். உதவாத பழைய பிடியை அறுத்தெறிவது கெடுதல். உலக வழக்கில் அழகின்மையைக் குறிக்கும் விகாரம் என்னும் சொல், இங்கே நல்ல சேர்க்கைக்கு உரிய மாற்றத்தையே குறிக்கின்றது.

கண்ணைக் கவர்வன தொட்டியின் வண்ணமும் வளைவும். உயிரைக் காப்பனவோ பெரும்பாலும் அடிப்புறத்தில் உள்ளன. பெட்ரோல் தன் எடையால் இறங்கும் அமைப்பாயின், தொட்டியின் வெளிவாய் கார்புரேட்டருக்கு மேலே இருத்தல் வேண்டும். மூடியின் காற்றுவழி அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். ரப்பர் அணையின்றி இறுக முடுக்கிய தொட்டியை எஞ்சினின் அதிர்வு நாளடைவில் பிளந்துவிடக்கூடும். பழைய தொட்டியைப் பற்றவைக்க முற்படுவோனுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பெட்ரோல் முழுவதும் வடிந்த தொட்டியினுள்ளும் அதன் ஆவி தங்கியிருக்கும். தூய்மை செய்யாது நெருப்பை அணுகவிட்டால் அது வெடிக்கும். காணாதது இல்லாதது அன்று.

"வண்டி என்னுடையது, பணமும் என்னுடையது, குறை நேர்ந்தால் அத்துன்பமும் என்னுடையதே. இதில் பிறர்க்கு என்ன?" என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் உண்மை அறவே இல்லையென்று தள்ளுதல் இயலாது. தொட்டி சிவப்பாய் இருக்க வேண்டுமா, நீலமாய் இருக்க வேண்டுமா என்பது உடையவன் விருப்பமே. ஆயின், கசிந்த பெட்ரோல் சூடேறிய எஞ்சின்மீது வீழ்ந்து தீப்பற்றினால், அத்தீ உடையவனைமட்டும் தேடிச் சுடுமா? பின்னிருக்கையில் அமர்ந்தவர், சாலையோரம் நடந்தவர், நாளை அவ்வண்டியை விலைக்கு வாங்குபவர் ஆகிய எவரும் அதன் அடிப்புறத்தைச் சோதித்தவரல்லர். செய்தவனை நம்பியவர்கள் அவர்கள். பிறர் நம்பிக்கை தொடங்குமிடத்தில் உரிமையோடு கடமையும் சேர்ந்துவிடுகின்றது.

இக்கடமை செய்வோனுக்கு மட்டும் உரியதுமன்று. 1969-இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் நாயகன், தன் நாட்டுக் கொடியின் வண்ணம் தீட்டிய தொட்டிக்குள் பணத்தை ஒளித்துக்கொண்டு பயணம் புறப்படுகின்றான். அவ்வண்டி உலகப் புகழ் பெற்றது. ஆயினும், அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட கறுப்பின அமெரிக்கர்களாகிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி ஆகிய இருவர் பெயரும் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை. தொட்டியின் அடியிலிருக்கும் இணைப்புகளைப் போலவே, வண்டியைத் தாங்கிய கைகளும் காணாத பக்கத்தில் நின்றுவிட்டன. செய்வோன் காணாத இடத்திலும் செம்மை பேணக் கடமைப்பட்டவன் என்றால், பயன் துய்ப்போர் காணாத கைகளைத் தேடியறிந்து போற்றக் கடமைப்பட்டவர்கள் அல்லரோ?

பாராட்டுக்காகச் செய்யும் செம்மை, பாராட்டுவோர் அகன்றதும் தளர்ந்துவிடும். பிறர் உயிரை எண்ணிச் செய்யும் செம்மைக்கு அத்தளர்ச்சி இல்லை. வண்ணம் பூசுமுன் தொட்டியைக் கவிழ்த்து, அதன் அடிப்புறத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கின்றான் நல்ல தொழிலாளி. எவரும் காணாத அந்தச் சிறு செயலில்தான் அவனது அறம் வெளிப்படுகின்றது.