வெள்ளோட்டம்

புதிதாகக் கட்டிய தேரைத் திருவிழா நாளிலே முதன்முதலாக வடம் பிடிப்பதில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பே, உற்சவ மூர்த்தியை ஏற்றாமல், வீதியிலே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுவார்கள். அச்சு முறுகுகிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, எந்த முனையில் திரும்ப மறுக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். கணினி மென்பொருள் செய்கிறவர்கள் 'பீட்டா பதிப்பு' என்று கிரேக்க எழுத்தைச் சொல்லிக் குறிப்பதும் ஏறக்குறைய இதைத்தான். "வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல எங்களுக்கே தயக்கமாக இருக்கிறது, நீங்கள் ஓட்டிப் பாருங்கள், குறை கண்டால் சொல்லுங்கள்" என்று ஊரார் கையிலே கொடுக்கும் பதிப்பு அது.

தேரை இழுத்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவன், அச்சு முறுகும் ஓசையைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டால், அவனை என்னவென்று சொல்வது? இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்காக எழுந்ததல்ல. அந்த ஒருவன் நான்தான்.

கதை எழுதுகிறவனுக்குப் படம் வரையும் மென்பொருள் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு நாவலைத் தொடங்குமுன் அதில் வரும் ஊருக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொள்வது என் வழக்கம். இல்லாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் மேலத் தெருவில் குடியிருக்கிற கிழவி, இருபதாம் அத்தியாயத்தில் கீழத் தெருத் திண்ணையிலே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். வாசகர்கள் சும்மா விடுவார்களா? கடிதம் எழுதிக் கேட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்த படத்தைப் பிறகு கணினியில் வரையக் கற்றுக்கொண்டேன். தெருக்கள் ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு, கதையின் நடுவிலே வெள்ளத்தில் இடிந்துபோகிற வீடுகள் தனியாக ஓர் அடுக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். வேண்டாதபோது ஓர் அடுக்கை மறைத்துவிடலாம், வேண்டும்போது காட்டலாம். பென்சிலிலே கிடைக்காத சௌகரியம் இது.

2023-ல் ஒரு புதுக் கணினி வாங்கினேன். அதில் இருந்தது புதிய இயங்குதளம். பல ஆண்டுகளாகப் பழகிய என் மென்பொருள் அதிலே திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம் நகரங்களில் தெருவுக்குத் தார் போடப் போட, பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிடுவதைப் பார்க்கிறோம். வீடு அசையவில்லை, தெருதான் உயர்ந்தது. ஆனாலும் மழைத் தண்ணீர் புகுவது வீட்டுக்குள்ளேதான். இயங்குதளம் என்பது தெரு. மென்பொருள் என்பது வீடு. 2019 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட காட்டலினா என்ற இயங்குதளம், 32 பிட் முறையில் எழுதிய மென்பொருள்கள் எவற்றையும் இனி ஓட்டுவதில்லை என்று கதவைச் சாத்திவிட்டது. மறு ஆண்டு நவம்பரில் அதே நிறுவனம் தன் கணினிகளின் சில்லையே வேறு இனத்துக்கு மாற்றத் தொடங்கியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் தன் பொது ஆதரவை முடித்துக்கொண்டது. தெரு உயர்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர்கள் வாசற்படியைத் திருத்திக் கட்ட வேண்டியிருக்கிறது. அதிலும் படம் வரையும் மென்பொருளுக்குத் தொல்லை அதிகம். எழுத்துருக்களையும், திரையின் நுணுக்கத்தையும், பேனாவின் அழுத்தத்தையும் அது இயங்குதளத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது.

ஆகவே, நான் உபயோகித்த மென்பொருளைச் செய்தவர்கள் புதிய இயங்குதளத்துக்கென்று ஒரு சோதனைப் பதிப்பைக் கொடுத்திருந்தார்கள். இலவசம்தான். "இது இன்னும் முடியவில்லை, முக்கியமான வேலைகளுக்கு நம்பாதீர்கள், குறை கண்டால் எழுதுங்கள்" என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. நான் நன்றியோடு எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரத்திலே குறை தெரிந்தது. ஓர் அடுக்கை மறைத்து வைத்தபடியே படத்தைச் சேமித்து மூடிவிட்டு, மறுபடி திறந்தால், மறைத்த அடுக்கு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. எப்போதும் அப்படி நடக்கவில்லை. சில சமயம் நடந்தது. என் ஊரில் வெள்ளம் வருவதற்கு முன்னாலேயே ஆறு வீடுகள் அடித்துக்கொண்டு போயின. என்னிடம் பழைய பிரதி ஒன்று இருந்ததால் நஷ்டமில்லை. அன்று முதல் எந்த அடுக்கையும் மறைக்காமலே சேமிக்கப் பழகிக்கொண்டேன். அவ்வளவுதான்.

எழுதிச் சொன்னேனா? இல்லை. காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. இலவசமாகக் கொடுத்தவர்களிடம் குறை சொல்வது பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்பது போல இருந்தது. அது ஒரு தாட்சண்யம். விண்ணப்பம் இங்கிலீஷில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு கேள்விகள். அது ஒரு சோம்பல். இத்தனை பேர் உபயோகிக்கிறார்களே, என்னைவிடக் கெட்டிக்காரர் யாராவது சொல்லியிருக்க மாட்டாரா? இதுதான் மூன்றாவது காரணம். மூன்றிலும் மிக இனிமையானது இதுவே.

அதே ஆண்டின் கடைசியில் அந்த மென்பொருளின் முழுப் பதிப்பு வெளிவந்தது. என் தம்பியின் மகள் நெசவு வடிவமைப்புப் படிக்கிறாள். சேலைக் கரைகளுக்கு வரைவதற்கு ஏதாவது நல்ல மென்பொருள் இருந்தால் சொல்லும்படி என்னிடம் கேட்டிருந்தாள். நான் இதைத்தான் சொன்னேன். ஒரே கரையை மூன்று நிறக் கட்டுக்களில், மூன்று அடுக்குகளாக, பதினோரு இரவுகள் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். ஒன்றைக் காட்டி இரண்டை மறைத்து வைத்துச் சேமித்திருக்கிறாள். கல்லூரியில் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு திறந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்தது.

தொலைபேசியில் அவள் அழவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "என்ன செய்யலாம் பெரியப்பா?" என்று கேட்டாள். நான் உடனே, "அடுக்கை மறைத்து வைத்துச் சேமித்தாயா?" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

இந்தச் சம்பவத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கணக்குத் தணிக்கையாளர். தர்ம சங்கடங்களைப் பற்று வரவு என்று இரண்டாகப் பிரித்துவிடக்கூடியவர். "சம்பளம் வாங்காத வேலைக்குக் கடமை ஏது? குறையோடு வெளியிட்டது அவர்கள். பிரதி எடுத்து வைக்காதது அந்தப் பெண். நீர் நடுவிலே எங்கே வருகிறீர்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 'சோதனை' என்ற வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கூகிளின் ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்தது. அதன் மேலிருந்த பீட்டா என்ற சொல்லை எடுத்தது 2009 ஜூலையில். கோடிக்கணக்கானவர்கள் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்த ஒன்றை ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சோதனை என்றே அழைத்தால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்? காசு வாங்கிக்கொண்டு விற்பவர், பரீட்சை பார்க்கும் வேலையையும் வாங்கியவர் தலையிலே கட்டினால், அதைக் கடமை என்று சொல்ல எனக்கும் மனம் வராது.

ஆனால் அந்தச் சொல்லை நாணயமாக உபயோகித்தவர்களும் இருக்கிறார்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் 2003-ல் பிறந்தது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அதில் வரைந்து பிழைத்தார்கள். இருந்தும் அதைச் செய்தவர்கள் அதன் பதிப்பு எண்ணைப் பூஜ்யத்தைத் தாண்ட விடவில்லை. 2017 ஜனவரியில் வந்த பதிப்புக்குக் கூட 0.92 என்றுதான் பெயர். ஒன்று என்ற எண்ணை அவர்கள் எழுதியது 2020 மே மாதத்தில். அதுவும் 2019 முழுவதும் சோதனைப் பதிப்புக்களை ஊரார் கையில் கொடுத்துக் கேட்ட பிறகு. கிம்ப் என்ற மற்றொரு மென்பொருள், 2020-லிருந்து 2.99 என்ற எண்ணோடு சோதனைப் பதிப்புக்களை விட்டுக்கொண்டே இருந்து, 2025 மார்ச்சில்தான் 3.0 என்று சொல்லிக்கொண்டது. கேட்ட குறைகளையெல்லாம் எவரும் படிக்கும்படி பொதுவிலே வைக்கிறார்கள். தன் குற்றப் பட்டியலைத் தானே வாசலில் ஒட்டி வைக்கிற வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊராரை ஏன் கேட்க வேண்டும்? செய்தவரின் மேசையிலே எல்லாம் சரியாகத்தான் ஓடும். குறை இருப்பது நம் மேசையிலே. அந்த 0.92-ல் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகள் என்று வைத்திருந்த கணக்கை, இணையத்தின் பொது விதிக்கு இணங்க 96 என்று ஆக்கினார்கள். பழைய படத்தை அப்படியே புதிய கணக்கில் திறந்தால், அங்குலத்துக்கு ஒரு வீசம் குறைந்துவிடும். திரையில் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அட்டையை வெட்டிப் பெட்டி செய்கிறவருக்குத்தான் மூடி பொருந்தாதபோது தெரியும். அதனால் பழைய கோப்புக்களைத் திறக்கும்போது எந்தக் கணக்கில் கொள்வது என்று மென்பொருளே கேட்கும்படி செய்தார்கள். வீசம் குறைந்ததை அளவுகோல் வைத்திருக்கிறவன்தான் சொல்ல முடியும். அவன் சொல்லாவிட்டால் வேறு யாராலும் சொல்ல முடியாது.

நண்பரின் வாதம் எனக்குத் திருப்தி தராதது இந்த இடத்தில்தான். வாழ்க்கையில் பல சமயங்களில் மௌனம் வெறும் மௌனமாக இருக்கலாம். அண்டை வீட்டுச் சண்டையிலே நான் பேசாமல் இருந்தால், நான் எதையும் சொன்னதாகாது. வெள்ளோட்டத்தில் அப்படியல்ல. "குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, நான் பேசாமல் இருந்தால், "குறை இல்லை" என்று சொன்னதாகவே அர்த்தமாகிறது. நான் அந்தப் பதிப்பை எடுத்துக்கொண்டதும், புகார் செய்யாததும் சேர்ந்து, 'ஒருவர் உபயோகித்தார், சரியாக இருந்தது' என்று என் பெயரால் ஒரு சாட்சியாகப் போய் உட்கார்ந்துகொண்டன. அது பொய்ச் சாட்சி.

என் தாட்சண்யம் இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நண்பர்களிடம், "அடுக்கையெல்லாம் விழுங்கிவிடுகிறது ஐயா!" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். நக்கீரர் குற்றத்தைச் சபையிலே, பாட்டுக்கு உரியவர் முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரிடம் சொல்லியிருந்தால் அவரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? திருத்தக்கூடியவரிடம் சொல்லாமல், திருத்த முடியாதவர்களிடம் சொல்லிவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மறுநாள் விண்ணப்பத்தைத் திறந்தேன். பன்னிரண்டு கேள்விகளில் உயிரானவை மூன்றுதான். என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? முதல் தடவை எழுதியதில் கோபம்தான் இருந்தது, விஷயம் இல்லை. இரண்டாம் தடவை எழுதியதில் என் மன வருத்தம் இருந்தது; அதுவும் அவர்களுக்கு உபயோகமில்லை. மூன்றாம் தடவைதான் மூன்று கேள்விகளுக்கும் மூன்று வரியில் பதில் எழுத முடிந்தது. குடும்பச் சண்டைகளிலே இந்த மூன்று கேள்விகளையும் இப்படிப் பிரித்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை பிறக்காது என்று அப்போது தோன்றியது. அனுப்புவதற்கு முன் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். என்னைவிடக் கெட்டிக்காரர் எவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் என்னைப் போலவே நினைத்திருப்பார்கள் போலும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. யாரோ, எந்த நாட்டவரோ தெரியாது. நன்றி சொல்லிவிட்டு, எப்போதும் நேராமல் சில சமயம் மட்டும் நேர்வதால், மிகச் சிறிய படம் ஒன்றில் அதை மறுபடி நேரச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து, ஒரு தெரு, ஒரு வீடு, மறைத்த ஒரு குளம் என்று வரைந்து, ஆறாவது முயற்சியில் குளத்தைக் காணாமற் போக்கி அனுப்பினேன். அடுத்து வந்த திருத்தப் பதிப்பில் அந்தக் குறை இல்லை. முதலிலேயே எழுதியிருந்தாலும் எனக்கு இதே ஞாயிற்றுக்கிழமைதான் செலவாகியிருக்கும்.

என் தம்பி மகள் அந்தக் கரைகளை மறுபடி வரைந்தாள். இரண்டாம் முறை வரைந்தது முன்னதைவிட நன்றாக அமைந்தது என்று சொல்கிறாள். அது அவளுடைய நல்ல மனசு. ஆனால் இப்போதெல்லாம் நான் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சிபாரிசு செய்தால், "முழுசாச் சொல்லுங்க பெரியப்பா, குறை ஒண்ணுமில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொள்கிறாள். நானும் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.