ஈடாக வந்த நாணயம்

அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று நாணயம் சேர்ப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு லட்சம் மட்டுமே அச்சான 1893 என்பார் ஒருவர். சேகரிப்பாளர்களுக்கென்று 880 மட்டுமே அடிக்கப்பட்ட பிலடெல்பியா 1895 என்பார் இன்னொருவர். நெவாடாவின் கார்சன் சிட்டி முத்திரை விழுந்திருந்தால் எந்த ஆண்டானாலும் சரி என்பவர்களும் உண்டு. 1878 முதல் 1904 வரை புழக்கத்துக்கென்று வந்து நின்றுபோய், பிறகு 1921இல் மட்டும் மறுபடி வந்த வரிசை அது. அந்தக் கடைசி ஆண்டைச் சொல்பவர் அரிது. எனக்குப் பிடித்தது அதுதான்.

சுங்கை பினாங்கில் என் வீட்டுக்கு வந்த தங்கை மகன் அந்த ஒற்றை நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். கைப்பேசியில் விலையைத் தேடிவிட்டு, "மாமா, இதுல போய் இதையா எடுத்தீங்க? எல்லாத்துலயும் இதுதானே சல்லிசு" என்றான். அவன் சொன்னது உண்மை. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச் சாலைகளிலும் சேர்த்து அந்த ஓராண்டில் எட்டரைக் கோடிக்கும் மேல் அடித்தார்கள். உருவமும் பழையவற்றைப்போல எடுப்பாக இல்லை. கழுகின் நெஞ்சும் பெண்ணின் கூந்தலும் சற்றுத் தட்டையாகவே விழுந்திருக்கின்றன. வாங்கி விற்பவர்கள் எடைக்கு மேல் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அரிதாக இருப்பதையே பிடித்ததாக வைத்துக்கொண்டால், அந்தப் பிரியம் நம் கையில் இருக்காது. நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903ஆம் ஆண்டு டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் விலைப்பட்டியல்கள் அதற்கு 1,500 டாலர் போட்டிருந்தன. அந்த ஆண்டுக் கடைசியில் அமெரிக்கக் கருவூலம் பழைய டாலர்களை வெளியே விட்டபோது, அதே நாணயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. விலை தரைக்கு வந்துவிட்டது. நாணயத்தில் ஒரு கீறலும் புதிதாக விழவில்லை. அதுவரை அதை நேசித்தவர்களில் எத்தனைபேர் மறுநாளும் நேசித்தார்கள்? பட்டியலைப் பார்த்து வரும் ஆசை பட்டியலோடு போய்விடும்.

1921இன் கதை நம்முடைய கதையும்கூட. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்து தானியமும் சணலும் தோலும் கப்பல் கப்பலாகப் போயின. விளைவித்தவனுக்கு இந்தியாவில் வெள்ளி ரூபாய்தான் வேண்டும். காகிதத்தை அவன் நம்பவில்லை. போர்முனையில் நின்ற இந்தியச் சிப்பாய்களின் சம்பளமும் ரூபாயில்தான். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போய், ரூபாயை உருக்கினால் முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் நிலை வந்தது. 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய் நோட்டை அச்சிட்டு வெளியிட்டார்கள். 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு வந்தது. அப்படியும் அரசின் கையிருப்பு கரைந்தது. நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் வெள்ளி தருவோம் என்ற வாக்குறுதியே ஆட்டம் கண்டது.

அப்போதுதான் அமெரிக்கப் பெட்டகங்கள் திறந்தன. நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரல் 23இல் நிறைவேறியது. 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய 26 கோடி டாலர்களின் வெள்ளி, இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அவுன்ஸ் ஒரு டாலர் விலை, தர்மம் ஒன்றுமில்லை. ஒரு டாலரில் இருந்த சுத்த வெள்ளியைக் கொண்டு சரியாக இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். அப்படிப் பார்த்தால் 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி. எந்த ரூபாயில் எந்த டாலர் கலந்தது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கிய நம் முன்னோர்களின் மடிமுடிச்சில் இருந்த ஜார்ஜ் மன்னர் ரூபாயில், சுதந்திர தேவியின் முகமாக இருந்த வெள்ளியும் இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பினாங்கையும் வெள்ளி விலையேற்றம் விடவில்லை. 1903இல் பம்பாயில் அடித்து இங்கே வந்த நீரிணைக் குடியேற்ற டாலர் இருபத்தேழு கிராம் எடையோடு கம்பீரமாக இருந்தது. வெள்ளி விலை ஏறியதால் 1907இல் அது இளைத்தது. 1919இல் அடித்ததில் பாதிதான் வெள்ளி.

உருக்கிய டாலர்களுக்கு ஈடாக அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி வாங்கி, புதிய டாலர்களை அடித்தே ஆகவேண்டும் என்று அதே பிட்மன் சட்டம் சொன்னது. மார்கன் டாலருக்கான பழைய மூல அச்சுகளையோ 1910இலேயே அழித்துவிட்டார்கள். ஆகவே ஜார்ஜ் மார்கன் மறுபடி உட்கார்ந்தார். முதல் டாலர் வந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு, இப்போது எழுபத்தைந்து. தன் இளமைக்கால வேலையைத் தானே திரும்பச் செய்தார். அது முதலில் செய்ததுபோல வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் வேறொருவர் வரைந்த புதிய டாலரும் வந்துவிட்டது. ஆக, 1921இன் மார்கன் டாலர் போனவற்றின் இடத்தை நிரப்ப வந்தது; வந்த நாளிலிருந்து போனவற்றோடு ஒப்பிட்டே பார்க்கப்படுகிறது.

எனக்கு என் அப்பாயியின் நினைவு வருவது இந்த இடத்தில்தான். அக்காள் இறந்த வீட்டுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படி வந்தவர் அவர். அக்காள் விட்டுப்போன மூன்று பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். என் அப்பா அதில் நடுப்பிள்ளை. கடைசிவரை அப்பா அவரை "சின்னம்மா" என்றுதான் கூப்பிட்டார். முறைப்படி அது சரிதான். ஆனால் வீட்டில் எது செய்தாலும் "மூத்தவள் கை இதுக்கு வராது" என்று சொல்ல யாராவது ஒருவர் இருந்தார்கள். குழம்பில் தொடங்கி, கோலம், பிள்ளைகளைக் கண்டிக்கும் குரல் வரை அந்தப் பேச்சு நீண்டது. மூத்தவருக்கோ இருபத்தாறு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஒரு தவறும் செய்ய வழியில்லை. அப்பாயி நாற்பது வருடம் அந்த வீட்டில் உழைத்தார். தவறும் செய்திருப்பார், கோபப்பட்டிருப்பார், சில நாள் குழம்பு தீய்ந்திருக்கும். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அதெல்லாம் நடக்கும்.

யாருடைய இடத்துக்கோ வந்தவர்களை நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. நடுவில் வந்த ஆசிரியர், ஓய்வுபெற்றவரின் நாற்காலியில் அமர்ந்த அதிகாரி, தவறிப்போன பிள்ளைக்கு அடுத்துப் பிறந்த பிள்ளை என்று எல்லோரையும் இல்லாத ஒருவரோடு சேர்த்து நிறுத்தித்தான் அளக்கிறோம். அந்த இடம் காலியாகக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதில்லை. சின்னம்மா வராதிருந்தால் என் அப்பா என்ன ஆகியிருப்பார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தங்கை மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். நாணயத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான். கார்சன் சிட்டி நாணயம்தான் அழகு என்று இன்னும் சொல்கிறான், சொல்லட்டும். அழகில் அது ஒருபடி மேல்தான். நான் அழகுப் போட்டி வைக்கவில்லை. எனக்கும் என்னவர்களுக்கும் எது உறவு என்று பார்த்தேன். அந்தக் கணக்கில் 1921க்கு முன்னால் நிற்க மார்கன் வரிசையில் வேறொன்று கிடையாது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலோ, பாட்டியின் சுருக்குப்பையிலோ 1918, 1919ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பம்பாயில் அடித்ததென்றால் பின்பக்கத்தில் அடியில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். கல்கத்தாவில் அடித்ததற்குப் புள்ளி கிடையாது. எதுவாக இருந்தாலும் எடைக்குப் போட்டுக் கொலுசாக மாற்றிவிடாதீர்கள். அது ஏற்கெனவே ஒருமுறை உருகி வந்த வெள்ளியாக இருக்கலாம்.