பூஜ்யத்தில் நிற்பவர் யார்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி, சேகரித்த எண்களைக் கணினியில் இட்டதும் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: எதை எதனோடு ஒப்பிடுவது? பெரும்பாலும் அவளுக்கு முன்பே மென்பொருள் அதைத் தீர்மானித்துவிடுகிறது.

‘ஆண்’, ‘பெண்’, ‘பனிக்காலம்’, ‘மழைக்காலம்’ போன்ற சொற்களை ரெக்ரெஷன் சமன்பாட்டில் அப்படியே இட முடியாது. எண்களாக மாற்ற வேண்டும். வழக்கமான முறையில் ஒரு வகையைப் பூஜ்யமாக வைத்து, மற்றவை அதிலிருந்து எவ்வளவு கூடின, குறைந்தன என்று பார்ப்பார்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால், ‘ஆர்’ என்ற மென்பொருள் அகரவரிசையில் முதலில் வருவதைப் பூஜ்யமாக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஃபீமேல்’. தமிழில் எழுதினால் ‘ஆண்’. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். படிப்பவருக்கு அப்படியல்ல. பூஜ்யத்தில் நிற்பவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. விலகி நிற்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிமோன் தெ பொவ்வார் 1949இல் எழுதியதன் சாரமும் இதுவே: ஆண் பொதுவானவன், பெண் அவனைக் கொண்டு வரையறுக்கப்படும் மற்றவள். தோட்டங்களில் இது கூலியாகவே இருந்தது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. இந்தியாவில் சம ஊதியச் சட்டம் 1976இல்தான் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் சம கூலி 1984இல். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டு, டான்டீ தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்கள் இரு நாடுகளிலும் இந்த அளவுகோலைச் சுமந்தவர்கள்.

அப்படியானால் பெண்ணைப் பூஜ்யத்தில் வைத்தால் நீதி கிடைத்துவிடுமா? கிடைக்காது. இருக்கைதான் மாறும். ஒரே பெண்ணைப் பல பருவங்களில் அளக்கும்போது இது இன்னும் தெளிவாகும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் நாளொன்றுக்குப் பறிக்கும் கொழுந்து ஜனவரியில் 12 கிலோ, மே மாதத்தில் 36, ஆகஸ்டில் 24, அக்டோபரில் 32. மே மாதத்தைப் பூஜ்யமாக்கினால் மற்ற மூன்றும் 24, 12, 4 கிலோ குறைவு. தன்னுடைய மிகச் சிறந்த நாளின் முன் அவள் எப்போதும் குறைந்தவளாகவே நிற்பாள். நான்கின் சராசரியான 26 கிலோவோடு ஒப்பிட்டால் மே 10 கிலோ கூடுதல், ஜனவரி 14 குறைவு. ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால் 24 ஏற்றம், 12 இறக்கம், 8 ஏற்றம்.

மூன்றும் உண்மை. மூன்று முறையிலும் சமன்பாடு கணிக்கும் கிலோ மாறாது. மாறுவது கேள்வி மட்டுமே. மே மாதத்தைப் பூஜ்யமாக்குவது இலக்கு நிர்ணயிக்கும் நிர்வாகத்தின் கேள்வி. பனிக்குப் பின் எவ்வளவு மீண்டது, மழையில் எவ்வளவு போனது என்பது கூலியை நம்பி அடுப்பு மூட்டுபவளின் கேள்வி.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. பாலினமும் பருவமும் ஒன்றையொன்று பாதிக்கும் என்று சமன்பாட்டில் சேர்த்தால், வழக்கமான முறையில் ‘பெண்’ என்ற வரியில் தெரியும் எண் ஆண்டு முழுவதற்குமானதல்ல. பூஜ்யமாக வைத்த பருவத்தில் உள்ள வேறுபாடு மட்டுமே. உறைபனி மாதத்தின் எண்ணை எடுத்து, ‘பெண்கள் இவ்வளவுதான்’ என்று எழுதிவிட முடியும். அடுத்து, ஒரு பெண்ணை நான்கு முறை அளந்தால் நான்கு பெண்கள் கிடைத்துவிடுவதில்லை. அவளுக்கென ஒரு தொடக்கப் புள்ளியைச் சமன்பாட்டில் தர வேண்டும். வேகமான கையும் நிதானமான கையும் அவரவர் அளவிலிருந்தே மாறுகின்றன. ஒருத்தியை அவளோடே ஒப்பிடும் வாய்ப்பு இங்கே கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

எடையை மட்டும் அளப்பதும் ஒரு தேர்வுதான். நீலகிரியின் பனிக்காலத் தேயிலை மணத்துக்குப் பேர்பெற்றது. தராசில் குறைந்த மாதம் கோப்பையில் உயர்ந்து நிற்கலாம்.

ஒப்பீடு இல்லாமல் அறிவு இல்லை; யாரையாவது எதையாவது பூஜ்யத்தில் வைத்தே ஆக வேண்டும். அதனால்தான் அது அறம் சார்ந்த முடிவாகிறது. விடையைப் பார்ப்பதற்கு முன்பே எந்த ஒப்பீடு, ஏன், யாருடைய கேள்வி என்று மாணவி எழுதி வைக்கட்டும். முடிந்தால் கூடை சுமக்கும் பெண்ணிடமே கேட்கட்டும்: “அக்கா, உங்க கணக்க எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?”