யார் படித்த கணக்கு?

வினையை நம்புகிறவள் நான். ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சைவ சித்தாந்த வகுப்புக்கும் முறையாகப் போனவள். ஆனாலும் என் விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி படர்ந்தபோது, "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றவர்களை ஏற்க முடியவில்லை. அதே ஆட்கள் இப்போது என் தங்கை மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நாகரிகமாகக் கேட்கிறார்கள்: "பரம்பரையில் உண்டா?" முற்பிறவியில் தேடிய குற்றவாளியை இப்போது தாய்வழியில் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறைப்பானேன்? உடலைக் காக்கவேண்டிய டி செல்களே நிறமி செல்களைப் பகையென்று அழிப்பதால் வருவது இது. தொட்டால் ஒட்டாது. இதற்குத் துணைபோகும் மரபணு இடங்கள் ஐம்பதளவு தெரியவந்துள்ளன. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை சிறு சாய்வுதான். மரபணு அச்சு அசலாக ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தது நூற்றுக்கு 23 என்றது 2003இல் வெளியான ஆய்வு. மிச்சப் பேர் எப்படித் தப்பினார்கள்? சூழலோ, தற்செயலோ. விதி என்று சொல்ல இது போதாது.

அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா தினமும் தைராய்டு மாத்திரை விழுங்குகிறார். உடலின் காவலே தைராய்டைத் தாக்குவதால் வரும் கோளாறாம். அதற்குச் சாய்வு தரும் மரபணுக்களில் சில வெண்புள்ளிக்கும் பொது. அவருடைய முற்பிறவியை யாரும் விசாரித்ததில்லை. தைராய்டுதான் வெளியே தெரியாதே!

சித்தாந்தப்படி கன்மம், அதாவது வினை, சடம். தானாக வந்து ஒருவரைப் பற்ற அதற்கு அறிவில்லை. இறைவன் கூட்டுவித்தால்தான் உயிரைச் சேரும், அதுவும் உயிர் பக்குவப்படுவதற்காக. சேர்ந்து கிடக்கும் வினையான சஞ்சித மூட்டையிலிருந்து, இந்தப் பிறவியில் நுகரவேண்டிய பிராரத்தமாக எதை எடுத்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். எதிர்வீட்டு அம்மாள் என் விரலைப் பார்த்தே அதைப் படித்துவிடுகிறார் என்றால், சித்தாந்த ஆசான் மெய்கண்டாரே அவரிடம் பாடம் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. டைரோசினேஸ் என்பது தோலுக்கு நிறம் தரும் நொதி. அதன் மரபணுவில் ஒரு வடிவம் வெண்புள்ளிக்கான சாய்வைக் கூட்டுகிறது. அதே வடிவம் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய்க்கான சாய்வைக் குறைக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டது, 2010இல் வெளியானது. நிறமி செல்லை ஓயாமல் நோட்டமிடும் காவல், அந்தச் செல் புற்றாக மாறினாலும் விடாது போலும். நம் நிறத்தவரிடம் மெலனோமா அரிது. ஆகவே என் வரவு பெரிதில்லை. நல்வினை, தீவினை இரண்டையும் ஒன்றாகக் காணும் இருவினையொப்பும் எனக்கு வாய்க்கவில்லை, கண்ணாடியில் உதட்டைப் பார்த்தால் இன்னமும் மனசு சுணங்குகிறது. இருந்தாலும் பாவம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்கிறேன்: இந்த ஒரு மரபணுவை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள், நல்வினையிலா, தீவினையிலா?